மூன்றாம் படியின் அடிப்பக்கம்

பிப்ரவரி 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே இரண்டு பேரும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை; அதை நான் வீட்டு ஆளாகச் சேர்ப்பதில்லை. அங்கே நீங்களும் என் தங்கையும் எப்படி இருக்கிறீர்கள்? அவள் என்னைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டாள், தெரியும். இருந்தாலும் அவளுடைய ரத்த அழுத்தம் போன மாதம் எவ்வளவு காட்டியது என்று எழுதுங்கள்.

வாங்கிவிட்டேன். இரண்டு வருடமாக உங்களுக்கு எழுதி எழுதியே தாள் தீர்த்தேனே, ஸ்டாண்டில் நிற்கும் பெரிய டிரில், அதேதான். கைப்பிடியை இழுத்தால் ஊசி குத்துவது போல நேராக இறங்குகிறது. கையில் பிடிக்கும் டிரிலால் ஆயிரம் துளை போட்டாலும் ஒன்றுகூட இப்படி நேராக வராது.

கடைக்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"என்ன தொழில் பண்றீங்க பெரியவரே?"

"தொழில் இல்ல. ஆசை."

"ஆசைக்கு இவ்வளவு கனமா?"

"உன் கடையில ஆசையை எடை போட்டுத்தான் விப்பியா?"

வீட்டில் இறக்கியதும் உங்கள் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "இதுக்கு இடம் எங்க? கட்டில்ல என் பக்கத்தைக் குடுத்துடறேன். போர்த்திப் படுக்க வைங்க." நியாயமான கேள்விதான். கொட்டகையில் பின்சுவரோரம் மட்டும்தான் இடம் உண்டு. அங்கே அந்த ஏணி நிற்கிறது. நீங்கள் இருவரும் சுமைவண்டியில் திருப்பி அனுப்பிய நாளில், "சுவரைப் பார்த்தாப்ல வச்சுட்டுப் போப்பா" என்று வண்டிக்காரனிடம் சொன்னேன். மேலே ஒரு தார்ப்பாயைப் போட்டேன். பன்னிரண்டு வருடமாக அதன் முகத்தை நான் பார்க்கவில்லை, அது என் முகத்தைப் பார்க்கவில்லை. சீக்கிரமே அதை நகர்த்தியாக வேண்டும்.

நீங்கள் ஏதோ வாங்கப் போவதாக எழுதியிருந்தீர்களே, வாங்கியாயிற்றா? போனில் சொல்ல வேண்டாம். போனில் சொன்னது காற்றோடு போய்விடும். எழுதுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
மச்சான்


பிப்ரவரி 21

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். அவளுடைய ரத்த அழுத்தம் நூற்று நாற்பதில் நிற்கிறது. மாத்திரையை மறக்காமல் போடுகிறாள், என்னைத் திட்டுவதையும் மறப்பதில்லை. உங்கள் முழங்காலுக்கு என் அனுதாபம்.

நிற்கும் டிரிலுக்கு வாழ்த்து! பொறாமையில் வெந்துபோனேன். ஆனால் நானும் சும்மா இருக்கவில்லை. பேட்டரி டிரில் வாங்கியிருக்கிறேன். இரண்டு பேட்டரி, இருபத்துநான்கு முனை, எல்லாம் ஒரு பெட்டியில். பெட்டி மூடும்போது வரும் 'கிளிக்' சத்தத்துக்காகவே பத்து தடவை திறந்து மூடினேன். என் கண்ணாடிக் கடைக்கே எடுத்துப் போய்விட்டேன். ஒரு அம்மா சட்டம் ஆடுகிறது என்று தன் கண்ணாடியைக் கொடுத்தார். நான் ஆசையாக டிரிலைத் தூக்கினேன். அந்த அம்மா பின்னால் நகர்ந்துகொண்டே சொன்னார்: "சார், நான் குடுத்தது மூக்குக் கண்ணாடி. கதவு இல்ல."

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல நம்ம கோஷ்டி என் பட்டறை அறைக்கு வந்தது. பல் டாக்டர் இரும்பு தேய்க்கும் புது கிரைண்டர் கொண்டுவந்தார். கண்டக்டர் பலகையை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் மூன்று காட்டினார். யாரும் எதையும் செய்யவில்லை. வாங்கியதைக் காட்டிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்கள். வழக்கமான சந்தோஷம்.

அந்த ஏணியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மரம் பழசு, உள்ளே பூச்சி விழுந்திருக்கும். நகர்த்தும்போது முதுகைப் பிடித்துக்கொள்ளப் போகிறது. ஆள் விட்டுத் துண்டு போட்டு எரித்துவிடச் சொல்லுங்கள். நீங்கள் பார்க்கவே வேண்டாம். பார்த்தால் மனசுதான் கஷ்டப்படும்.

அன்புடன்,
மாப்பிள்ளை


மார்ச் 3
(தபாலில் சேர்க்காதது)

தங்கச்சிக்கு,

நீ சுகமா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை என்று பன்னிரண்டு வருடத்துக்கு முன் சொல்லிவிட்டாய். ஆகையால் கேட்கவில்லை.

அப்பாவின் சாவு வீட்டில், வந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும் நீ சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "நீ செஞ்ச ஏணிதான் அப்பாவைக் கொன்னுச்சு. யார்கிட்டயும் கத்துக்காம நீயா கத்துக்கிட்ட வேலை. அது அப்படித்தான் இருக்கும்." நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். உன் வீட்டில் இருந்த நான் செய்த அலமாரி, பெஞ்சு, செருப்பு வைக்கும் பலகை எல்லாம் அடுத்த வாரமே தெருவுக்கு வந்தன. அதற்குப் பிறகு நீ என் வீட்டுப் படி மிதிக்கவில்லை.

உன் பரணில் அப்பா வைத்திருந்த பழைய ரேடியோக்களை எடுப்பதற்காகத்தான் அந்த மடக்கு ஏணியைச் செய்தேன். அவருக்கு எழுபத்துநாலு வயது என்பதால் ஒவ்வொரு படியையும் இருபத்தைந்து மில்லிமீட்டர் தடிமனில் வைத்தேன். மூன்றாவது படி பலகையில் ஒரு கணு இருந்தது. அது மேலேயும் தெரியாமல் கீழேயும் தெரியாமல் நடு மரத்துக்குள் அடங்கும்படி பார்த்து அறுத்தேன். முப்பது வருடம் எடைக்கல்லுக்கும் அளவுகோலுக்கும் முத்திரை குத்தும் அலுவலகத்தில் உட்கார்ந்தவன் நான். அளவில் தவறமாட்டேன் என்று நினைத்திருந்தேன். அந்த மூன்றாவது படிதான் உடைந்தது. அப்பா இடுப்பெலும்பு முறிந்து நாலு மாதம் படுத்துப் போனார்.

நான் தவறவில்லை என்று ஒரு நாளும் உன்னிடம் சொன்னதில்லை. ஏன் என்று இன்றைக்கு எழுதுகிறேன். நான் தவறிவிட்டேன் என்றே நம்பினேன். கணுவைத் தப்பாகக் கணித்துவிட்டேன் என்று நம்பினேன். ஏணியைச் சுவரைப் பார்த்து நிறுத்தியது கோபத்தால் இல்லை. பயம்.

நேற்று தார்ப்பாயை எடுத்தேன். ஏணியைச் சாய்த்துப் படுக்க வைத்தபோது படிகளின் அடிப்பக்கம் மேலே வந்தது. மற்ற படிகளில் என் இழைப்புளி போன அலை அப்படியே இருக்கிறது. மூன்றாவது படியில் மட்டும் அலை இல்லை. மெஷின் ஓடிய தடம். தடிமன் அளக்கும் வெர்னியரை வைத்துப் பார்த்தேன். பதினேழு மில்லிமீட்டர். எட்டு மில்லிமீட்டர் போயிருக்கிறது. கணு, திறந்த கண் மாதிரி வெளியே தெரிகிறது. முறிவு அதன் நடுவில்தான்.

அந்தத் தடத்தில் நீளவாக்கில் மேடு கட்டிய இரண்டு கோடு ஓடுகிறது. ஒன்று தடி, மற்றது மயிரிழை. நடுவில் பதினொன்று புள்ளி நாலு மில்லிமீட்டர். ஆணி மேல் ஓட்டி, பல் உடைந்த பிளேடு அப்படித்தான் கோடு போடும். பிளேடு மாறாதவரை கோடும் மாறாது.

அந்த வருடம் எனக்கு இழைப்பு மெஷின் கிடையாது. இன்றைக்கும் கிடையாது. உன் வீட்டில் ஒன்று இருந்தது.

நீ அன்றைக்கு என்னைப் பேசியபோது உன் புருஷன் உன் தோளைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? "விடு, விடு. பாவம், அவர் வேணும்னா செஞ்சாரு?" அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தப் பன்னிரண்டு வருடமும் அவருக்கு மட்டும் கடிதம் எழுதினேன். குடும்பத்தில் ஒரே ஒரு நல்ல மனுஷன் என்று.

இதை இப்போது உனக்கு அனுப்பினால் நீ நம்பமாட்டாய். கிழவன் பழியைத் தள்ளிவிடப் பார்க்கிறான் என்பாய். அவர் கையாலேயே நிரூபித்துத் தருகிறேன். அவருக்கே தெரியாமல் அவர் கையாலேயே.

அண்ணன்


மார்ச் 5

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு சுகத்துக்குக் குறைவில்லை. முழங்கால்கூட அடங்கியிருக்கிறது. என்னவோ திடீரென்று உடம்பில் தெம்பு வந்தது போல இருக்கிறது. தங்கையை நான் விசாரித்ததாகச் சொல்ல வேண்டாம், விசாரித்தேன் என்பதை நீங்கள் மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

பேட்டரி டிரில் கதையைப் படித்து உங்கள் அக்கா சிரித்தாள். நான் இரண்டு முறை படித்தேன்.

உங்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். இத்தனை வயதுக்குப் பிறகு எனக்கும் இழைப்பு மெஷின் மேல் ஆசை வந்திருக்கிறது. கையால் தள்ளித் தள்ளித் தோள் தேய்ந்ததுதான் மிச்சம். உங்களிடம் ஒன்று உண்டே. அது எப்போது வாங்கியது? முதலில் எதில் ஓட்டிப் பார்த்தீர்கள்? ஒரு ஓட்டத்தில் எவ்வளவு மரம் தின்னும்? உங்கள் அனுபவத்தை விவரமாக எழுதினால் எனக்கு உதவியாக இருக்கும். நீங்கள் விவரமாக எழுதும் ஆள் என்பதால்தான் கேட்கிறேன்.

ஏணியை நகர்த்திவிட்டேன். நீங்கள் பயந்தது போல முதுகு பிடிக்கவில்லை.

அன்புடன்,
மச்சான்


மார்ச் 19

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

வணக்கம். உங்களுக்குத் தெம்பு வந்தது பற்றி மகிழ்ச்சி. இங்கே அவளுக்கு லேசாக ஜலதோஷம். நான் நலம்.

நீங்கள் இழைப்பு மெஷினைப் பற்றிக் கேட்டது ஆச்சரியம். "அது இழைக்கல, கத்துது" என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர் நீங்கள். சரி, ஆசை யாரை விட்டது.

என்னுடையது வாங்கி இந்த ஜூனோடு பதின்மூன்று வருடம் ஆகப்போகிறது. புதிதில் எனக்குக் கை அரிப்பு. வீட்டில் தட்டையாக இருந்த எதையும் விட்டுவைக்கவில்லை. கதவு அடி, ஜன்னல் சட்டம், காய் வெட்டும் பலகை. அவள் கத்தினாள்: "அடுத்து என்னைத்தான் இழைக்கப் போறீங்க." முதல் வாரத்திலேயே கதவுச் சட்டத்தில் ஒளிந்திருந்த ஆணி மேல் ஓட்டிவிட்டேன். வாங்கும்போது ஆணி பார்த்து ஓட்டுங்கள். ஒரு ஓட்டத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வைக்காதீர்கள்.

இப்போது அதிகம் எடுப்பதில்லை. பிளேடு எல்லாம் பல தடவை மாற்றியாகிவிட்டது.

அன்புடன்,
மாப்பிள்ளை


ஏப்ரல் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சுகம். அங்கே ஜலதோஷம் தீர்ந்ததா? வெந்நீர் குடிக்கச் சொல்லுங்கள், யார் சொன்னது என்று சொல்லாமல்.

விவரத்துக்கு நன்றி. ஜூன் மாதம் வாங்கினீர்கள் என்பது எனக்கு முக்கியமான தகவல். அந்த வருடம் ஆகஸ்டில் அப்பா விழுந்தார், எனவே நாள் எளிதாக நினைவில் நிற்கிறது.

வாங்குவதற்கு முன் ஒரே ஒரு காரியம். மெஷின் இழைத்த மரம் தடவிப் பார்க்க எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். கடைக்காரன் காட்டும் மாதிரியை நம்பமாட்டேன். ஒரு முழ நீளத்துக்கு ஏதாவது பலகையில் உங்கள் மெஷினை ஓட்டி, அந்தத் துண்டைப் பார்சலில் அனுப்புவீர்களா? உப்புத்தாள் போடாதீர்கள். ஓட்டியபடி அப்படியே வேண்டும்.

பிளேடு மாற்றியது பற்றி எழுதியிருந்தீர்கள். பரவாயில்லை. எந்த பிளேடு இருக்கிறதோ அதிலேயே ஓட்டுங்கள்.

காத்திருக்கிறேன். நான் காத்திருக்கத் தெரிந்தவன்.

மச்சான்


ஜூன் 11

மச்சானுக்கு,

வணக்கம். அவள் நலம். நான் சுமார்.

பதில் எழுத இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. கடையில் வேலை என்று எழுத நினைத்தேன். எழுதவில்லை.

நீங்கள் கேட்ட துண்டு பார்சலில் இருக்கிறது. உப்புத்தாள் போடவில்லை. வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழ வைத்துப் பாருங்கள்.

மாப்பிள்ளை


ஜூன் 18

மாப்பிள்ளை,

உன் சுகத்தை விசாரிக்கவில்லை. இனி உன்னை 'நீங்கள்' என்று எழுத என் பேனா வராது.

உன் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டு கோடு. ஒன்று தடி, மற்றது மயிரிழை. வெர்னியரில் பதினொன்று புள்ளி நாலு. மூன்றாம் படியை அதன் பக்கத்தில் வைத்தேன். அதிலும் பதினொன்று புள்ளி நாலு. ஒன்பது இடத்தில் அளந்தேன், ஒன்பதிலும் அதே. பிளேடு பல தடவை மாற்றினேன் என்று மார்ச்சில் பொய் எழுதினாய். கஞ்சன் ஒரு தடவைகூட மாற்றவில்லை. உன்னைக் காட்டிக் கொடுத்தது உன் பிளேடு.

நீ என்ன செய்தாய் என்று நான் சொல்கிறேன், சரிபார்த்துக்கொள். அந்த ஏணியை மடித்தால் முழுதாக மூடாது. ஒரு விரல் இடைவெளி நிற்கும். மூன்றாம் படியின் அடி, பின்கால்களின் குறுக்குச் சட்டத்தில் தட்டும். படி தடிமனாக இருப்பதால் வந்த இடைவெளி அது. தெரிந்தேதான் விட்டேன். உனக்குப் பெட்டி 'கிளிக்' என்று மூட வேண்டும், ஏணியும் அப்படியே மூட வேண்டும். புது மெஷின், அரிக்கும் கை. தலைகீழாகக் கவிழ்த்து எட்டு மில்லிமீட்டர் சீவினாய். அழகாக மூடியிருக்கும். மூடிப் பார்த்து ரசித்திருப்பாய்.

அதை நான் மன்னித்திருப்பேன். மரத்தில் கை வைக்கும் எவனும் ஒரு நாள் தப்பாகச் சீவுவான். நானும் சீவியிருக்கிறேன்.

"பாவம், அவர் வேணும்னா செஞ்சாரு?" என்றாயே. உடைந்த படியைப் பார்த்த பிறகு, யார் சீவியது என்று தெரிந்த பிறகு, என் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாயே. அந்த வார்த்தையோடுதான் என் தீர்ப்பு எழுதி முடிந்தது. அதுவரை அவள் கோபத்தில் பேசினாள். நீ இரக்கப்பட்டதும் அது உண்மையாகிவிட்டது. அதை மன்னிக்கமாட்டேன்.

இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் அவளிடம் நீயே சொல்ல வேண்டும். நான் எழுதிய இந்தக் கடிதத்தை அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. சொல்லவில்லை என்றால் மூன்றாம் படியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உன் கடைக்கு வருவேன். கண் பரிசோதனைக்கு உட்காரும் நாற்காலியில் உட்காருவேன். வருகிற ஒவ்வொருவரிடமும் படியைக் கொடுத்து, "இதுல எத்தனை கோடு தெரியுது, சொல்லுங்க" என்று கேட்பேன். நான் செய்வேனா மாட்டேனா என்று உனக்குத் தெரியும்.

அவளுடைய அண்ணன்


ஜூலை 1

மச்சானுக்கு,

வணக்கம். அவள் நலமா என்று எனக்குத் தெரியவில்லை. நேற்று சொன்னேன்.

அதற்கு முன் ஒரு திருத்தம். மார்ச்சில் நான் பொய் எழுதவில்லை. பிளேடுகளை மாற்றிவிட்டேன். உங்கள் அப்பா போன மறுவாரமே கழற்றினேன். தூக்கி எறிய முடியவில்லை. ஒரு பழைய கண்ணாடி டப்பாவில் போட்டு, கடையில் மேசை இழுப்பறையில் வைத்தேன். வைத்த இடத்திலேயே இருந்தது.

"அது இழைக்கல, கத்துது" என்ற ஆள் இழைப்பு மெஷின் கேட்டு எழுதிய அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏணியைக் கவிழ்த்துவிட்டீர்கள் என்று. துண்டு கேட்டபோது புது பிளேடில் ஓட்டி அனுப்பியிருக்கலாம். கண்ணாடி மாதிரி வந்திருக்கும். உங்களிடம் ஒரு ஆதாரமும் இருந்திருக்காது.

பழைய பிளேடை மாட்டுவதற்கு நாலு தடவை டப்பாவைத் திறந்தேன். மூன்று தடவை மூடிவிட்டேன். இரண்டு மாதம் அப்படிப் போனது. என் வாயால் சொல்ல வராததை அது சொல்லட்டும் என்றுதான் கடைசியில் மாட்டினேன். நீங்கள் கண்டுபிடிக்கவில்லை மச்சான். நான் அனுப்பினேன். இதைச் சொல்வதால் என் குற்றம் குறையாது. உங்கள் வெர்னியர் பிடித்தது என்று நீங்கள் நினைத்துக்கொண்டே இருக்கட்டும் என்றுகூட யோசித்தேன். இன்னொரு பொய் வேண்டாம் என்று எழுதுகிறேன்.

நீங்கள் எழுதியதெல்லாம் சரி. மூடிப் பார்த்தேன். ரசித்தேன். உங்கள் அப்பாவிடமும் காட்டினேன். "அட, இப்போ கச்சிதமா மூடுது" என்றார்.

நேற்று உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். அவள் மேசையில் எதிரே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். முடிக்கும்வரை மடித்தாள். பிறகு கேட்டாள்: "அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"ஆஸ்பத்திரிக்கு நாலு மாசம் சாப்பாடு தூக்கிட்டு வந்தீங்களே, அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"அப்பாவுக்கு?"

"சொல்லல."

மடித்த துணியை எல்லாம் உதறிவிட்டு மறுபடி முதலிலிருந்து மடிக்க ஆரம்பித்தாள். நான் பட்டறை அறைக்கு வந்துவிட்டேன். அங்கிருந்துதான் எழுதுகிறேன். நாற்பத்தெட்டு டூல் சுவரில் தொங்குகிறது. ஒன்றையும் தொடப் பிடிக்கவில்லை.

மாப்பிள்ளை


ஜூலை 9

அண்ணாவுக்கு,

நான் எப்படி இருக்கிறேன் என்று நானே எழுதுகிறேன். ரத்த அழுத்தம் நூற்று எழுபது. தலைவலி. தூக்கம் இல்லை. இத்தனை வருடமாக நீங்கள் இரண்டு ஆம்பளைகளும் என் சுகத்தைத் தாளில் எழுதி எழுதி அனுப்பிக்கொண்டீர்கள். மாடத்தில் கட்டு கட்டாக இருக்கிறது, எல்லாவற்றையும் படித்துவிட்டேன். ஒரு பக்கம் டிரில், ஒரு பக்கம் நான்.

அவரோடு நான் பேசுவதில்லை. சாப்பாடு வைக்கிறேன். அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை வாசலிலேயே நிறுத்தி, "இன்னிக்கு டூல் இல்ல, டீயும் இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

உன்னை எல்லோர் முன்னாலும் பேசினேன். அது தப்பு. எழுதிவிட்டேன், இதற்கு மேல் அழுது எழுத எனக்கு வராது.

ஆனால் உன்னையும் விடமாட்டேன். அன்றைக்கு நான் அப்படிக் கத்தியபோது நீ ஏன் தலையைக் குனிந்தாய்? சின்ன வயதில் நான் உன் அளவுகோலை ஒளித்துவைத்தால் தெருவே கேட்கும்படி சண்டை போடுவாயே. "என் ஏணி உடையாதுடி" என்று ஒரு வார்த்தை கத்தியிருந்தால், நானே அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்திருப்பேன். உன் கையை நீயே நம்பவில்லை. பிறகு நான் எப்படி நம்புவது? பன்னிரண்டு வருடம் தார்ப்பாயைப் போட்டு மூடினது அவர் இல்லை, நீ.

பரணில் அப்பாவின் ரேடியோக்கள் அப்படியே இருக்கின்றன. அன்றைக்குப் பிறகு நான் ஏறவில்லை. யாரையும் ஏறவிடவில்லை.

அந்த ஏணியைச் சரிசெய்து அனுப்பு.

தங்கச்சி


ஆகஸ்ட் 14

மாப்பிள்ளைக்கு,

நான் சுகம். உன் சுகத்தைக் கேட்பதா வேண்டாமா என்று யோசித்தேன். கேட்கிறேன். பதில் ஒரு வரியில் இருந்தால் போதும். தங்கையின் சுகத்தை இனி உன்னிடம் கேட்க மாட்டேன். அவளே எழுதுகிறாள்.

நீதான் அனுப்பினாய், நான் கண்டுபிடிக்கவில்லை என்று எழுதினாய். அதைப் படித்து மூன்று நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன்னைப் பிடித்துவிட்டேன் என்ற அந்த ஒரு சந்தோஷத்தையும் எடுத்துக்கொண்டாய். உன் அக்கா கேட்டாள்: "இப்போ எதுக்குக் கோபம்? ஒத்துக்கிட்டாரே." நான் சொன்னேன்: "அதுக்குத்தான்." வாய் இருக்கும்போது பிளேடைப் பேச வைத்தவன் நீ. உனக்கு அதில் பெருமை வேண்டாம்.

மன்னிக்கவில்லை. இந்த ஜென்மத்தில் அது நடக்குமா என்று தெரியாது. அவசரப்படுத்தாதே.

இன்றைய சுமைவண்டியில் இரண்டு பொருள் வருகிறது.

முதல் பொருள், நீ சீவிய மூன்றாம் படி. உடைந்த இரண்டு துண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிறேன், ஒட்டவில்லை. பிப்ரவரியில் வாங்கிய டிரிலை ஆறு மாதமாக நான் ஓட்டவே இல்லை, அது உனக்குத் தெரியாது. அது போட்ட முதல் துளை இந்தப் படியின் தலையில்தான் இருக்கிறது. ஊசி மாதிரி நேராக வந்திருக்கிறது, பார். அந்தத் துளையில் கயிறு கோத்து, உன் பட்டறைச் சுவரில் நாற்பத்தொன்பதாவது டூலாக மாட்ட வேண்டும். அடிப்பக்கம் வெளியே தெரிய வேண்டும். தங்கை என்றைக்காவது உன் கூட்டத்தை உள்ளே விடுவாள். பல் டாக்டர் கேட்பார், "இது என்ன புதுசா?" என்று. கண்டக்டரும் கேட்பார். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தடவையும் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். 'பாவம்' என்ற சொல்லை மட்டும் நீ பயன்படுத்தக் கூடாது.

இரண்டாவது பொருள், ஏணி. மூன்றாம் படியைப் புதிதாகச் செய்தேன். கையால்தான் இழைத்தேன். தோள் போய்விட்டது. கணு இல்லாத பலகையாக நாலு கடை ஏறி இறங்கித் தேடினேன். தங்கை எழுதியதில் ஒன்று என்னைக் குத்திக்கொண்டே இருந்தது. ஆகவே படியை மாட்டியதும் நானே ஏறினேன். என் எடையோடு உன் அக்காவின் மாவு மூட்டையையும் தோளில் வைத்துக்கொண்டு ஏறி, மூன்றாம் படியில் நின்று குதித்தேன். "முழங்கால்!" என்று கத்தினாள். "என் ஏணி உடையாதுடி" என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

தங்கை ரேடியோ எடுக்க ஏறும்போது நீ இரண்டு கையாலும் கீழே பிடித்துக்கொள். கடைக்கு நேரமாகிறது என்று சொல்லாதே.

ஏணியைப் பரணில் போடாதே, அறையில் மறைக்காதே. சாப்பாட்டு மேசைக்கு எதிரே, நீ உட்காரும் நாற்காலிக்கு நேராக, மடித்துச் சுவரில் சாய்த்து வை. தங்கையிடமும் எழுதியிருக்கிறேன். அவள் இடம் பார்த்து வைத்துவிட்டாள்.

மடித்தால் அது முழுதாக மூடாது. புதுப் படியை முப்பத்துமூன்று மில்லிமீட்டரில் வைத்திருக்கிறேன். நீ எடுத்த எட்டை, பழைய இருபத்தைந்துக்கு மேல் இப்படித் திருப்பி வைத்தாயிற்று. முன்பு ஒரு விரல் இடைவெளி இருந்த இடத்தில் இப்போது இரண்டு விரல் நிற்கும். தினமும் மூன்று வேளை அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிடு. கை அரிக்கும்.

அரிக்கட்டும்.

மச்சான்